வெள்ளிக்கிழமைக் கதவுகள்

ஷேக் தாவூத் பாயிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் இரவல் கேட்கலாம். ஸ்கூட்டர் கொடுப்பார், குடை கொடுப்பார், மனைவி காத்தூன் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸில் பாதியைத் தள்ளி வைப்பார். முத்திரையைக் கேட்டால் மட்டும் மனிதரின் முகம் மாறிவிடும். பதினேழாம் எண் போட்ட ரப்பர் முத்திரை அது. மரப்பிடியில் ஓட்டை போட்டு, வீட்டுச் சாவியோடு சேர்த்துச் சங்கிலியில் கோத்து, இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருப்பார். பாத்ரூமுக்குப் போனாலும் அது கூடவே போகும். கம்பெனியில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

கம்பெனி ஓசூர் சிப்காட்டில் இருந்தது. பேர் வேண்டாம். எண்பது பேர் வேலை செய்த சின்னக் கம்பெனி. மெட்ரோ ரயிலில் ஏறியவர்கள் கதவைப் பார்த்திருப்பார்கள். கதவுக்கு மேலே பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நீளப் பெட்டியைப் பார்த்திருக்க மாட்டார்கள். கதவைத் திறப்பதும் மூடுவதும் ஓடும்போது பூட்டி வைப்பதும் அந்தப் பெட்டியின் வேலை. வடக்கே ஒரு பெருநகரத்தின் மெட்ரோவிலிருந்து அந்தப் பெட்டிகள் சில வருஷத்துக்கு ஒரு தடவை இங்கே வரும். பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டி, புதுசு போல் அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் டெஸ்ட் பெஞ்ச் என்ற மெஷினில் மாட்டி ஐந்நூறு தடவை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். பூட்டுக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. அதன் திருகு சரியாக இறுகாமல் இருந்தால் முதல் இருநூறு தடவை சமர்த்தாக இருக்கும்; முந்நூறுக்கு மேல்தான் நழுவத் தொடங்கும். ஐந்நூறு என்ற எண்ணை யாரும் ஜோசியம் பார்த்து வைக்கவில்லை.

பெஞ்சில் நின்றவர் தங்கமணி. பர்கூர்க்காரர், நாற்பதை நெருங்கிய பெண், காண்ட்ராக்ட் தொழிலாளி. கிருஷ்ணகிரி வரை டவுன் பஸ், அங்கிருந்து கம்பெனி பஸ். அதே பஸ்ஸில்தான் குருபரப்பள்ளியில் தாவூத் பாய் ஏறுவார். ஐந்நூறு முடிந்ததும் தங்கமணி ஷீட்டில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவார். இன்ஸ்பெக்டரான தாவூத் பாய் திருகைத் தொட்டுப் பார்த்து முத்திரை குத்துவார். ஆபரேட்டர் கையெழுத்து இல்லாத ஷீட்டில் அவர் முத்திரை விழாது. அந்த விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர் என்று பேர்.

சிக்கல் வெள்ளிக்கிழமையில் வந்தது. பெட்டிகளை ஏற்றும் லாரி இரண்டு மணிக்குள் கிளம்பினால்தான் உண்டு. நாலு மணிக்கு மேல் பெங்களூருக்குள் லாரிக்கு நோ என்ட்ரி. எல்லையிலேயே ஓரம் கட்டிவிடுவார்கள். ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பார்சல் யார்டில் வண்டி தவறினால் சரக்கு திங்கள்கிழமைதான் நகரும். மற்ற நாட்களில் ஒன்றரைக்குள் டெஸ்ட் முடியும், முத்திரை விழும், லாரி போகும். வெள்ளியன்று தாவூத் பாய் பன்னிரண்டரைக்கு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினால் திரும்பி வர இரண்டு தாண்டிவிடும்.

மேனேஜர் மாதவன் சொன்ன வழி சுலபமானது. "முத்திரைய என்கிட்ட குடுத்துட்டுப் போங்க பாய், ஒன்றரைக்கு நானே வெச்சுர்றேன்." மாதவன் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், இன்ஜினியர், திருகு பார்க்கத் தெரிந்தவர். கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தாவூத் பாய்க்கு மனசு வரவில்லை. தன் முத்திரையைத் தன் கையால்தான் வைப்பேன் என்றார். அப்படியானால் எப்படி? போகும் முன்பே வைத்துவிட்டுப் போவதுதான் வழி. பன்னிரண்டேகாலுக்கு ஷீட்டை எடுத்துக்கொண்டு தங்கமணியிடம் போனார்.

"ஐந்நூறுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடும்மா. எப்படியும் ஓடத்தானே போவுது."

"இப்பதான் முந்நூறு ஆவுது பாய்."

"ஓடட்டும். நீ எங்கியும் போயிடாத. முடிஞ்சதும் கழட்டு."

இன்னொருவர் கையில் முத்திரையைக் கொடுக்காத நேர்மையாளர், நடக்காத டெஸ்டுக்கு முத்திரை வைத்துவிட்டு நிம்மதியாகத் தொழப் போனார். அதிலிருந்த வேடிக்கை அப்போது அவருக்கு உறைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய ரம்ஜான் முடிந்து வந்த முதல் வெள்ளி அது.

முதல் ஒரு வருஷம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முத்திரை முன்னால் விழும், பெஞ்ச் தன் பாட்டுக்கு ஐந்நூறு வரை ஓடும். பிறகு லாரி டிரைவர் விஷயத்தைக் கண்டுகொண்டார். வெள்ளிக்கிழமை ஷீட் எல்லாம் பன்னிரண்டேகாலுக்கே ரெடி என்றால் ஒரு மணிக்கே ஏற்றிக்கொண்டு போகலாமே! ஒரு வெள்ளியன்று பன்னிரண்டரைக்கெல்லாம் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். தங்கமணி போன் செய்தபோது தாவூத் பாய் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யப் பள்ளிவாசல் குழாயடியில் உட்கார்ந்திருந்தார்.

"பாய், முந்நூறுகூட ஆவல. லாரிக்காரர் கத்திக்கிட்டுக் கீறாரு. என்னா பண்றது?"

பாங்கு சொல்லிவிட்டார்கள். சட்டைக் கை முழங்கை வரை மடித்திருந்தது. "முத்திரைதான் இருக்குதில்ல, நிறுத்திக் கழட்டிக் குடுத்துடும்மா" என்றார்.

அதற்குப் பிறகு தங்கமணி கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? பெரியவர் ஒரு தடவை சொன்னால் அது வழக்கம். இரண்டு வருஷம், வெள்ளிக்கு நாலு பெட்டி வீதம், எதுவும் முழுசாக ஓடவில்லை. எந்தப் புகாரும் வராததால் தாவூத் பாயும் அதை நினைப்பதை விட்டுவிட்டார்.

போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நகரத்திலிருந்து மெயில் வந்தது. சுரங்கத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த ரயிலில் ஒரு கதவு தானாகத் திறந்துவிட்டது. சாய்ந்து நின்றிருந்த ஒரு பெண் வெளியே சரிய, உள்ளே இருந்தவர்கள் அவள் துப்பட்டாவையும் இடது கையையும் பிடித்து இழுத்திருக்கிறார்கள். வலது பக்கம் சுரங்கச் சுவரில் உரசிவிட்டது. ரிப்போர்ட்டில் ஒரே வரி: பயணி, பெண், வயது முப்பத்து நாலு, வலது தோள்பட்டை முறிவு. பேர் இல்லை. அந்தப் பெண் எங்கே போய்க்கொண்டிருந்தாள், வீட்டில் யார் சமைத்தார்கள், வலது கையால் இனிமேல் தலை வார முடியுமா, ஒன்றும் அதில் இல்லை. இல்லாததால்தானோ என்னவோ, தாவூத் பாய் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக அவளை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் ஒரு சின்ன மீட்டர் இருக்கும். பெஞ்சில் எத்தனை தடவை ஓடியது என்பதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். பெட்டியைக் கழற்றிப் பிரித்தால்தான் அதைப் படிக்க முடியும், அதனால் யாரும் படிப்பதில்லை. மெட்ரோக்காரர்கள் இந்தப் பெட்டியைப் பிரித்துப் படித்துவிட்டார்கள். இருநூற்றுப் பதினான்கு. ஷீட்டில் ஐந்நூறு. ஐந்நூறு என்று எழுதியிருந்தது தங்கமணியின் கையெழுத்தில்.

மாதவன் அன்றே இருவரையும் கேபினுக்குக் கூப்பிட்டார். அவர் மனசில் தீர்ப்பு ஏற்கெனவே தயார். பதினேழாம் எண் முத்திரை ஏமாந்திருக்கலாம், பொய் சொல்லியிருக்காது. பேருக்கு இவ்வளவு பலம் உண்டு என்று தாவூத் பாய்க்கே அன்றுதான் தெரிந்தது.

"இருநூத்துப் பதினாலுல நிறுத்திட்டு ஏம்மா ஐந்நூறுன்னு எழுதுன?"

தங்கமணி பதறவில்லை. "பாயக் கேளுங்க சார்" என்றார். அதில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் நேரம் கேட்பது போலச் சொன்னார். பதில் சரியாக வரும் என்ற நம்பிக்கை.

தாவூத் பாய் சொன்னது இதுதான்: "ஷீட்டுல ஐந்நூறுன்னு எழுதி, கையெழுத்தும் இருந்துச்சு சார். அதுக்கப்பறம்தான் நான் முத்திரை வெச்சேன்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அயோக்கியத்தனம். தங்கமணி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். வியாழக்கிழமை மெட்ரோ இன்ஜினியர் நேரில் வருகிறார், அன்றைக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும், அதன்பிறகு போலீஸ் கேஸா இல்லையா என்று முடிவாகும் என்று மாதவன் அவர் முதுகுக்குச் சொன்னார்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் தங்கமணி உட்காரும் மூன்றாவது வரிசை ஜன்னல் சீட் காலியாக இருந்தது. தாவூத் பாய் பின்னால் போய் நின்றுகொண்டார். உட்கார இடம் இருந்தும் சூளகிரி தாண்டி ஓசூர் வரை நின்றே போனார்.

காத்தூனிடம் எதையும் மறைக்க முடியாது. வேலைக்குக் கொண்டுபோன சாப்பாடு இரண்டு நாளாக அப்படியே திரும்பி வந்தால் எந்தப் பெண் சும்மா இருப்பாள்? புதன்கிழமை சாயங்காலம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். தாவூத் பாய் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே தனக்கு ஒரு சாக்கும் தயார் செய்துகொண்டார்.

"ஜும்மாவ விட முடியுமா? அதுக்குத்தானே முன்னாடியே வெச்சேன்."

காத்தூனுக்கு வந்ததே கோபம்! "தொழுகை மேல போடாதீங்க. அந்த மேனேஜர்கிட்ட முத்திரையக் குடுத்துட்டுப் போயிருந்தா தொழுகை உங்கள வேணாம்னா சொல்லிருக்கும்? உங்க வீம்பு அது. லாரிக்காரன் அவசரம் அது. அல்லாவ எதுக்கு நடுவுல இழுக்கறீங்க?" என்று கொட்டித் தீர்த்தார். பிறகு குரல் தணிந்தது. "அந்தத் தங்கமணி மூஞ்சிய நீங்க எப்படிப் பாப்பீங்க? நாளைக்குச் சொல்லிடுங்க. வேலை போனாப் போவுது."

தாவூத் பாய்க்குக் கூச்சமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயசில், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு பெண்ணின் தலையில் பழியைக் கட்டிவிட்டு, அதற்கு இறைவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறோமே என்று வெட்கினார். சொல்லிவிடுகிறேன் என்றார். அன்று சாப்பிட்டார்.

வியாழக்கிழமை வந்த இன்ஜினியர் ஒரு பெண். ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர், யாரையும் அதட்டாமல் கேள்வி கேட்பவர். மாதவனிடம் ஆங்கிலத்தில் பேசினார். தாவூத் பாய்க்கு, முன்பு லாரி ஷெட்டில் வேலை பார்த்தபோது கற்ற ஹிந்தி கைகொடுத்தது. தங்கமணி வாசலில் செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், கூப்பிடும் வரை காத்திருந்தார். அவரைக் கூப்பிடும் முன்பே தாவூத் பாய் எழுந்து நின்றார்.

"நிறுத்தச் சொன்னது நான்தான். ஐந்நூறுன்னு எழுதச் சொன்னதும் நான்தான். அந்தம்மா மேல தப்பில்ல." முதலில் தமிழில் சொன்னார். பிறகு ஹிந்தியில், ஆண்பால் பெண்பால் எல்லாம் குழம்ப, திரும்பவும் சொன்னார்.

மாதவன் முகத்தில் ஈயாடவில்லை. இன்ஜினியர் பேனாவைக் கையில் வைத்தபடி தாவூத் பாயை ஏறிட்டுப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பெட்டி மட்டும்தானா?

இந்தக் கேள்வியைத் தாவூத் பாய் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. தங்கமணியைக் காப்பாற்றுவதோடு தன் பாவம் கழிந்தது என்று நினைத்துத்தான் அந்த அறைக்குள் வந்திருந்தார். மாதவன் தமிழில், சிரித்த முகத்தோடு, வானிலை விசாரிப்பது போல் சொன்னார்: "யோசிச்சுச் சொல்லுங்க பாய். மத்ததையும் சொன்னா காண்ட்ராக்ட் போயிரும். எண்பது குடும்பம்."

எண்பது பேரையும் தாவூத் பாய்க்குத் தெரியும். யார் பிள்ளை எந்தக் காலேஜில், யார் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும் என்பது வரை தெரியும். ரயிலில் போகும் முகங்களில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

"ஒன்னுதான்" என்றார்.

இன்ஜினியர் எழுதிக்கொண்டார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். இப்படி முன்வந்து சொல்பவர்கள் அபூர்வம் என்றும் சொன்னார். மாதவன் தாவூத் பாயின் தோளைத் தட்டினார். பதினைந்து நாள் சஸ்பென்ஷன், அதோடு முடியும், தங்கமணியை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லலாம் என்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

தாவூத் பாய் வாசலுக்கு வந்தார். தங்கமணி எழுந்து நின்றார்.

"சொல்லிட்டேம்மா. உன்மேல ஒன்னியும் இல்ல. நாளைக்கு வேலைக்கு வந்துடு."

தங்கமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று நாள் அழாதவர் அப்போதுதான் அழுதார். துடைத்துவிட்டுக் கேட்டார்: "மத்த பொட்டிங்களுக்கு என்னா சொன்னாங்க பாய்?"

தாவூத் பாய் பெல்ட்டில் தொங்கிய முத்திரையைத் தடவினார்.

"சொல்லலியா?"

"எண்பது பேரு வேலைம்மா. உன் வேலையும்தான்."

"அதுல நானும்தான் கீறேன், தெரியும்." தங்கமணி அவர் கண்ணைப் பார்த்தே பேசினார். "பெஞ்சாண்ட நின்னவ நானு. எது எத்தினில நின்னுச்சுன்னு நீங்க பாக்கல, நான் பாத்தேன். நூத்தி எண்பதுல கூடக் கழட்டிக் குடுத்துருக்கறேன் பாய். எம் பொண்ணு பெங்களூருல டெய்லி மெட்ரோவுலதான் வேலைக்குப் போறா. அந்தக் கதவுங்கள யாரு பாத்தாங்களோ, எப்படிப் பாத்தாங்களோ, எனக்குத் தெரியாது. நம்பித்தானே ஏறுறா? நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போவட்டுமா?"

தாவூத் பாய் ஒரு நிமிஷம் நின்றார். அவர் நினைத்ததை அப்படியே சொல்வதானால், அந்த நிமிஷத்தில் தங்கமணியின்மேல் அவருக்கு ஆத்திரம் வந்தது. காப்பாற்றிவிட்டேனே, வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா என்று இருந்தது. அப்படி நினைத்த தன்னைக் கண்டு அருவருத்துத்தான் திரும்பி நடந்தார்.

இன்ஜினியர் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே மாதவன். தாவூத் பாய் பெல்ட்டிலிருந்து முத்திரையைக் கழற்றி அவர்கள் நடுவில் வைத்துவிட்டு ஹிந்தியிலேயே சொன்னார்.

"ஒன்னு இல்லம்மா. ரெண்டு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். லீவு, லாரி வராத நாள் எல்லாம் கழிச்சுத் தொண்ணூத்தெட்டு வெள்ளி. முந்நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு பொட்டி." செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த எண் அது. தடுமாறாமல் வந்தது.

இன்ஜினியர் தட்டைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தார். அங்கேயே, கை கழுவாமல், ரயில்களை நிறுத்தச் சொல்ல ஆரம்பித்தார். மாதவன் தாவூத் பாயைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு இன்று வரை பார்க்கவில்லை.

காண்ட்ராக்ட் போனது. எண்பது பேரில் ஐம்பது பேருக்கு வேலை போனது, தங்கமணிக்கும்தான். தாவூத் பாய்மீது கேஸ் நடக்கிறது. வாய்தாவுக்குப் போய் வருகிறார். குருபரப்பள்ளி ஹைவேயில் மச்சானின் லாரி பட்டறையில் பிரேக் பார்க்கிறார். பழைய கம்பெனி ஆட்கள் சிலர் பஸ்ஸில் அவரைக் கண்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் அவருக்கு வருத்தமில்லை.

ஆவணி கடைசியில் ஒரு மத்தியானம், டேங்கர் லாரிக்கு அடியில் படுத்திருந்தபோது போனில் மெசேஜ் வந்தது. இன்ஜினியர் அனுப்பியிருந்தார். எல்லாப் பெட்டிகளையும் பிரித்துப் பார்த்து முடித்துவிட்டார்களாம். பதினோரு பெட்டிகளில் பூட்டு ஸ்பிரிங் நழுவியிருந்ததாம். அதில் இரண்டு, எந்த நிமிஷத்திலும் திறந்துகொள்ளும் நிலையில் இருந்தனவாம்.

லாரிக்கடியிலிருந்து வெளியே வந்து, கிரீஸ் கையோடு தங்கமணிக்குப் போன் செய்தார். தங்கமணி அப்போது பர்கூரில் ஏதோ துணிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்டது.

"பதினோரு பொட்டில பூட்டு நழுவியிருந்துச்சாம்மா" என்றார்.

தங்கமணி சொன்னார்: "நல்ல வேளை பாய், நீங்க சொல்லிட்டீங்க."

"நான் ஒன்னுதான்னு சொல்லிட்டு வெளிய வந்தவன்மா" என்றார் தாவூத் பாய். "நீ அந்த நாற்காலில உக்காந்திருக்கலன்னா, அப்படியே பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருப்பேன்."